குட்டைக்குத் தண்ணீர் வந்தது, மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள்: பேக்கரியில் 'அரசியல் பேசாதீர்' பலகை வேண்டுமா?

பேக்கரிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9.40

அவிநாசிக்கும் புளியம்பட்டிக்கும் இடையில் ரோட்டோரம் பேக்கரி வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் டீக்கடைக்குப் பேக்கரி என்றுதான் பெயர். கேக் இல்லாவிட்டாலும் பேக்கரிதான்.

காலை 4.30-க்குப் பாய்லர் சூடாகிவிடும். 5 மணிக்குச் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள். 6 மணிக்குப் பனியன் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பவர்கள். 7 மணிக்கு மேல் பேப்பர் படிக்கிறவர்கள். சண்டை எல்லாம் இந்த மூன்றாவது கூட்டத்தில்தான். வேனுக்கு நிற்கிறவனுக்கு டீயை ஆற்றிக் குடிக்கவே நேரமில்லை, கட்சிக்கு எங்கே போவான்?

அந்த மூன்றாவது கூட்டத்தில் இரண்டு பேர். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. உறவில் மாமன் மச்சான், ஆளுக்கொரு கட்சி. 22 வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்தவர்கள். 2016-ல், பவானி ஆற்றின் உபரித் தண்ணீரைக் குழாயில் எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காக அவிநாசியில் உண்ணாவிரதம் நடந்தபோது இருவரும் ஒரே மொபெட்டில் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பெட்ரோல் யார் போட்டது என்று மட்டும்தான் அப்போது தகராறு.

2019-ல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், அப்போது முதல்வர் எடப்பாடி பழனிசாமி. 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்து வைத்தார்கள், அப்போது முதல்வர் ஸ்டாலின். 1,045 குளம் குட்டைகளில் எங்கள் ஊர்க் குட்டையும் ஒன்று. தண்ணீர் வந்தது. அதோடு 'யார் கொண்டுவந்த தண்ணீர்' என்ற பேச்சும் வந்தது.

அடிக்கல் பெரிதா, திறப்பு பெரிதா என்று தினமும் ஓடும். நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. பேச்சு சூடானால் இரண்டாவது டீ ஓடும். ஒரு நாள் மச்சான் சொன்னார்: "மாமாவுக்கு என்ன, கட்சி கொடுத்த வேட்டிக்கு விசுவாசம் காட்ட வேண்டாமா?" பெஞ்சில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் உண்டு.

மாமா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். 22 வருடமாக அவருக்கு நோட்டில்தான் கணக்கு, மாதம் பிறந்தால் தீர்ப்பார். அன்றைக்கு ஜிப்பாப் பையில் துழாவி, சில்லறையாக எண்ணி, கல்லா மேல் வைத்தார். "நம்ம பக்கத்தில் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டு அதையும் கொடுத்தார். போய்விட்டார்.

அடுத்த நாள் பெயின்டரைக் கூப்பிட்டு 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று எழுதி மாட்டினேன். மூன்று மாதம் ஆகிறது. சண்டை இல்லை. ஆளுக்கொரு செல்போனைக் குனிந்து பார்க்கிறார்கள். கடையில் மிக்சர் கடிக்கிற சத்தம் கேட்கிறது. மாமா வருவதில்லை, மச்சான் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பலகையைக் கழற்றலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சீப்பும்கத்தியும்
திங்கள், இரவு 10.05

பெருந்துறையில் சலூன். எங்கள் கடையில் அந்தப் பலகை 15 வருடமாகத் தொங்குகிறது. ஒரு பயனும் இல்லை. "அரசியல் இல்லைங்க, சும்மா ஒரு நியாயத்துக்குச் சொல்கிறேன்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு உள்ள ஒரே வசதி, சவரத்துக்கு உட்கார்ந்தவர் கழுத்தில் என் கத்தி இருக்கும், அவர் மட்டும் பேச மாட்டார். காத்திருப்பவர்கள்தான் பேசுவார்கள். உங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

ஓய்வுபெற்றஆசிரியர்
செவ்வாய், காலை 5.50

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர், ஏறக்குறைய ஒரே காலம். பிறகு இருவரும் எதிரெதிர் துருவம். 1938-ல் இந்தி எதிர்ப்பில் பெரியாரைச் சிறையில் அடைத்தது ராஜாஜியின் அரசு. 1954-ல் ராஜாஜி பதவி விலகக் காரணமான கல்வித் திட்டத்துக்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்து எதிர்த்தவர் பெரியார். ஆனால் 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது 93 வயதுப் பெரியார் சுடுகாடு வரை வந்து அழுதார். கொள்கைக்கும் நட்புக்கும் தனித்தனி அறை வைத்திருந்தார்கள். உங்கள் மாமன் மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்
செவ்வாய், காலை 6.30

ஆசிரியர் ஐயா, கோபிக்காதீர்கள். என் மச்சான் ராஜாஜி இல்லை, நானும் பெரியார் இல்லை. அவர்கள் திட்டிக்கொண்டதும் பத்திரிகையில், மேடையில். மறுநாள் காலை ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய கட்டாயம் இருவருக்கும் இல்லை.

இழை தொடங்கியவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அடிக்கல் விஷயத்துக்கு அந்தப் பெரியவர் எழவில்லை. வேட்டி விஷயத்துக்குக்கூட எழுந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆறு பேர் சிரித்தார்களே, அதற்குத்தான் எழுந்தார். மச்சான் மாமனைக் கேலி செய்வது நம் பக்கம் உரிமை. தோட்டத்தில் இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வசவு வாங்கியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். சபையில் சொன்னது வேறு.

பூத்திண்ணை
செவ்வாய், மதியம் 1.15

தறிச்சத்தம் சொல்வதற்கு மேல் ஒன்று சொல்கிறேன். மூன்று தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம்.

வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு. ஆனால் எங்களுக்கு 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டாவது எந்திரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எதிர்க்கட்சி முகவர் என் சின்னத்தில் அழுத்துவார், நான் அவர் சின்னத்தில் அழுத்துவேன். கணக்குச் சரியாக வந்ததும் அழித்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். அப்புறம் மாலை வரை ஒரே பெஞ்ச். பள்ளிக்கூடத்து பெஞ்ச், முழங்கால் இடிக்கும். மதியம் அவருக்கு வந்த தக்காளிச் சோற்றில் எனக்கும் பங்கு. வெளியே 100 மீட்டர் தாண்டிப் போனால் இதே ஆட்கள் தொண்டை கிழியக் கத்துவோம்.

உள்ளே ஏன் சண்டை வருவதில்லை? நல்லவர்களாக மாறிவிடுவதால் இல்லை. ஒரு வாக்காளர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தால் 'கள்ள ஓட்டு' என்று வாய்க்கு வந்தபடி கத்த முடியாது. 2 ரூபாய் கட்டி ஆட்சேபணை சொல்ல வேண்டும். தலைமை அலுவலர் விசாரிப்பார். நான் சும்மா கிளப்பியது என்று தெரிந்தால் அந்த 2 ரூபாய் போய்விடும். இரண்டு ரூபாய் பெரிய காசா? இல்லை. ஆனால் அந்தச் சில்லறையை எடுக்கப் பையில் கை விடும்போது 'நம்மிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது' என்ற யோசனை வந்துவிடும். ஒருமுறை கை விட்டு, அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். அந்தப் பையன் மொட்டை அடித்திருந்தான், அவ்வளவுதான். பட்டியலில் முடியோடு படம்.

பலகையைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டில் வையுங்கள். ஆதாரம் இல்லாமல் ஆளைக் குற்றம் சொல்கிறவர் 2 ரூபாய் போடட்டும்.

சாயத்தண்ணி
செவ்வாய், மதியம் 2.00

எனக்குப் பலகைதான் சரி என்று படுகிறது. என் அண்ணனுக்கு நொய்யல் ஓரத்தில் பூமி. எனக்குத் திருப்பூரில் சாயப்பட்டறையில் பங்கு. சாயக்கழிவு நொய்யலில் கலக்கிறது என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிணறு போயிற்று, எனக்கு முதல் போயிற்று. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று எழுதப்படாத ஒப்பந்தம். மாடு, மழை, பிள்ளைகள் படிப்பு, அவ்வளவுதான். இன்றும் சேர்ந்துதான் பொங்கல் வைக்கிறோம். எல்லாவற்றையும் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

கடைமடை
செவ்வாய், இரவு 8.20

சாயத்தண்ணி சொல்வது அண்ணன் தம்பிக்குள் நடக்கும். ஊருக்கு நடக்காது. எங்கள் ஊரையே இரண்டாகப் பிளந்த விஷயம் கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுவது.

தெரியாதவர்களுக்காக: பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடுகிற மண் வாய்க்கால், பாசனம் 2.07 லட்சம் ஏக்கர். கரை உடைகிறது, கசிகிறது, கடைமடைக்கு வந்து சேரவில்லை, அதனால் கான்கிரீட் போடு என்பது ஒரு பக்கம். அந்தக் கசிவுதான் எங்கள் கிணற்றுக்கு ஊற்று, கான்கிரீட் போட்டால் கிணறும் தென்னையும் செத்துப்போகும் என்பது மறுபக்கம். நான் கடைமடை. என் பங்காளி மேலே, வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் கிணற்றுப் பாசனம். கூட்டத்துக்குக் கூட்டம் எதிரெதிராக நின்றோம். அவர் என்னை 'காண்டிராக்டர் ஆள்' என்றார். நான் அவரைத் 'தண்ணீர் திருடன்' என்றேன். இரண்டும் பொய் என்று இருவருக்கும் தெரியும்.

எங்கள் அப்பச்சி ஒருவர், எண்பது தாண்டியவர், ஒரு வேலை செய்தார். ஆகஸ்டில் தண்ணீர் திறக்கிற வாரம் என்னை அழைத்துப் பங்காளி தோட்டத்தில் போய்த் தங்கச் சொன்னார். பேச வேண்டாம், கிணற்றை மட்டும் பார் என்றார். முதல் நாள் கிணற்றில் ஏழாவது படிக்குக் கீழே தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாலாம் நாள் இரண்டு படி ஏறியிருந்தது. சுவர்க் கல் இடுக்கில் ஈரம் பளபளக்கிறது. காதை வைத்தால் ஊறுகிற சத்தம் கேட்கிறது. சரி, இந்த மனிதன் இதற்குத்தான் கத்துகிறார் என்று அப்போது புரிந்தது. முறை முடிகிற நேரத்தில் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். மதகில் நாய் நக்குகிற அளவு தண்ணீர். நடவு காய்கிறது. ஒன்றும் பேசாமல் மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டுப் போனார்.

என் கருத்து மாறவில்லை. அவர் கருத்தும் மாறவில்லை. அடுத்த கூட்டத்திலும் எதிர்த்துத்தான் பேசினோம். ஆனால் 'திருடன்' என்ற சொல் என் வாயில் வரவில்லை. வரவே மாட்டேன் என்கிறது.

இணைச்சீர்க்காரி
செவ்வாய், இரவு 10.45

ஆண்கள் எல்லோரும் பெரிய தத்துவமாகப் பேசுகிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன்.

எனக்குப் பிறந்த வீடு ஒரு கட்சி, புகுந்த வீடு ஒரு கட்சி. என் தம்பி கல்யாணத்துக்கு முந்தைய நாள் இரவு, மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் என் அப்பாவுக்கும் வீட்டுக்காரருக்கும் தேர்தல் பேச்சு. பந்தியில் ரசம் ஊற்றும்போது ஆரம்பித்தது, மோர் வருவதற்குள் "இனி உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்" வரை போய்விட்டது. விடிந்தால் நான் தம்பிக்கு இணைச்சீர் செய்ய வேண்டும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இல்லாமல் அந்தச் சீர் இல்லை. வீட்டுக்காரர் மூட்டை கட்டுகிறார். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் வந்து இரண்டு பக்கமும் நடந்து நடந்து சமாதானம் செய்தார். நான் இரவு இரண்டு மணி வரை அழுதுகொண்டு பூக்கூடை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

யாராவது என்னிடம் 'நீ யாருக்கு ஓட்டுப் போடுகிறாய்' என்று கேட்டார்களா? இன்றுவரை இல்லை. ஒரே ஒருமுறை நானாகச் சொன்னேன். "அம்மிணி அரசியல் பேசுகிறாள்" என்று வீடே சிரித்தது. மேலே தறிச்சத்தம் சொன்ன அந்தச் சிரிப்புதான். பேக்கரிக்காரருக்கு ஒரு கேள்வி: உங்கள் பெஞ்சில் என்றைக்காவது ஒரு பெண் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாளா?

காலனிப்பையன்
புதன், காலை 6.10

அக்கா கேட்டது சரியான கேள்வி. நான் இன்னொன்று கேட்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

22 வருடம் ஒரே பெஞ்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா இளவயதில் டீ குடித்த கடையில் அவருக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி, ஓரத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. அந்தக் கடையில் சண்டையே வந்ததில்லையாம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்களாம். முதல் தடவை என் சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்த அன்றுதான் 'ஊர் அமைதி கெட்டது' என்றார்கள். அதனால் 'அமைதியாகப் பேசுங்கள்' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கவிழ்த்து வைத்த டம்ளர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

நாலுவழிச்சாலை
புதன், காலை 6.40

கட்சிச் சண்டையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் சாதியை எதற்கு இழுக்கிறீர்கள்? அதெல்லாம் பழங்கதை. இப்படிப் பேசித்தான் எல்லா இழையும் நாசமாகிறது.

கடைமடை
புதன், காலை 7.25

நாலுவழிச்சாலை, கொஞ்சம் பொறுங்கள். அவர் யாரையும் திட்டவில்லை. தன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறார். என் கிணறு என்று பங்காளி சொன்னபோது நானும் 'அதெல்லாம் கதை' என்றுதான் சொன்னேன், போய்ப் பார்க்கும் வரை. எங்கள் ஊர்க் கடையிலும் அந்த டம்ளர் இருந்தது. ஆணியில் தொங்கும். சின்ன வயதில் அது யாருடையது என்று நான் கேட்டதில்லை.

நாலுவழிச்சாலை
புதன், காலை 8.10

'பழங்கதை' என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை, கட்சிப் பேச்சு வேறு, இது வேறு.

காலனிப்பையன்
புதன், காலை 8.30

சரி. வேறா இல்லையா என்று பேசலாம். 'பழங்கதை' போனதே இன்றைக்குப் போதும், வேலைக்கு நேரமாகிவிட்டது.

பேக்கரிக்காரன்
அடுத்த ஞாயிறு, இரவு 9.15

எல்லோர் பதிலையும் படித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

இணைச்சீர்க்காரி அக்காவுக்கு: பெண்கள் வருகிறார்கள், பார்சல் வாங்கிப் போகிறார்கள். கம்பெனி வேனுக்கு நிற்கிற பெண்கள் எதிரில் புளியமரத்தடியில் நின்று குடிக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்ததில்லை. ஏன் என்று இத்தனை வருடம் நான் யோசித்ததும் இல்லை. வியாழக்கிழமை ஒரு பெஞ்சைத் தூக்கி மரத்தடியில் போட்டேன். முதல் நாள் யாரும் உட்காரவில்லை, டிபன் பாக்ஸ்களை வரிசையாக வைத்தார்கள். சனிக்கிழமை மூன்று பேர் உட்கார்ந்தார்கள். போனஸ் விஷயமாக என்னவோ பேசினார்கள், நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

தம்பி காலனிப்பையனுக்கு: என் கடை ஆரம்பித்ததிலிருந்து ஒரே டம்ளர்தான். ஆனால் இந்த இடத்தில் எனக்கு முன்னால் கடை வைத்திருந்தவரைப் பற்றி என் டீ மாஸ்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கிளாஸ் கழுவப் போய்விட்டார். அதிலேயே பதில் இருக்கிறது.

பாட்டில் வைத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில் துளை. முதல் நாளே எட்டு ரூபாய். இரண்டாம் நாள் ஒருவர் பத்து ரூபாய்த் தாளைப் போட்டுவிட்டு, "ஐந்து தடவைக்கு முன்பணம்" என்று திட்ட ஆரம்பித்தார். பூத்திண்ணை இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

பலகையைக் கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

மாமா வீட்டுக்கு நானே போனேன். 'நானும் சிரித்தேன், தப்புத்தான்' என்று சொன்னேன். "நீ சிரித்ததை நான் பார்க்கவில்லை" என்றார். பார்த்தார், எனக்குத் தெரியும். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குட்டையில் குழாய் வாயருகே கரை அரிக்கிறது, கல் போடாவிட்டால் அடுத்த மழைக்கு உடையும் என்றார். "அதை மச்சானிடம் சொல்லலாமே, குட்டைப் பக்கம் பூமி அவருடையதுதானே" என்றேன். "நீயே சொல்" என்றார்.

சொன்னேன். மச்சான், "கல் எத்தனை லோடு வேண்டும் என்று கேட்டுச் சொல்" என்றார். கேட்டுச் சொன்னேன். "அவ்வளவு எதற்கு, அவருக்குக் கணக்குத் தெரியாது" என்றார். அதை மட்டும் நான் சொல்லவில்லை. நாலு நாளாக இப்படி நடுவில் நின்று தபால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் காலையில் கல் இறங்கியிருக்கிறது, மூன்று லோடு.

மாமா இன்னும் கடைக்கு வரவில்லை. மதியம் நான் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கம் வந்தது. கடைசி வரவுக்குக் கீழே கோடு போட்டுக் காலியாகக் கிடக்கிறது. அதை வேறு ஆளுக்குத் தரலாமா என்று பார்த்தேன், நோட்டில் தாள் குறைவு. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் பன்னைப் பிய்த்துக்கொண்டே, "அந்தப் பக்கத்தில் எதையும் எழுதிவிடாதே" என்றார்.